ஒரு மூட்டை ராகிக்கு எத்தனை முழம் துணி

நான் வேலை பார்த்த புள்ளிவிவர அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்று என்னையும் அழைத்திருந்தார்கள். ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு, எதிரே வாழைப்பழத்தில் ஊதுபத்தி செருகியிருந்தார்கள். "மேடம், இதுக்கு முன்னாடி நீங்க கம்ப்யூட்டர் பாத்திருக்கீங்களா?" என்று ஒரு தம்பி மரியாதையாகக் கேட்டார்.

"நானே கம்ப்யூட்டர்தானே" என்றேன்.

அவர் முகத்தில் 'பாவம், வயசாயிடுச்சு' என்று எழுதியிருந்தது. மறுநாள் என் பழைய நியமன உத்தரவை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். 'செல்வி ஸ்டெல்லா, கம்ப்யூட்டர், தற்காலிகம்' என்று தட்டச்சில் தெளிவாக இருந்தது. அந்தக் காலத்தில் கணக்குப் போடும் ஆளுக்குத்தான் அந்தப் பெயர். சிரித்து முடித்ததும், "அப்போ என்னதான் மேடம் கணக்கு போட்டீங்க? எழுதிக் குடுங்க, சங்க மலர்ல போடறோம்" என்று பிடித்துக்கொண்டார்கள். எழுதுகிறேன். எல்லாவற்றையும் எழுதினால் மலர் தாங்காது. ஐம்பதுகளின் நடுவில், ஓசூரில், ஒரு மூட்டையோடு நான் பட்ட பாட்டை மட்டும் எழுதுகிறேன்.

என் அப்பா கிருஷ்ணகிரியில் மிஷன் பள்ளி ஆசிரியர். கணக்கில் நான் கெட்டி என்பதால் பி.ஏ. வரை படிக்க வைத்தார். வேலை கிடைத்ததும் சென்னையில் இரண்டு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். ஒன்றும் ஏழும் ஒன்றுபோல் இருக்கக்கூடாது, தப்பானதை அழிக்கக்கூடாது, ஒரே கோடாக அடித்துப் பக்கத்தில் எழுத வேண்டும் என்பவைதான் அங்கே கற்றதில் உருப்படியானவை. பிறகு ஓசூருக்குப் போ என்றார்கள். ஓசூரில் என் சின்னம்மா வீடு இருந்ததால் அப்பா மறுப்புச் சொல்லவில்லை.

அலுவலகம் என்பது தாலுகா கச்சேரிக்குப் பின்னால் ஓட்டுக்கூரை போட்ட இரண்டு அறை. முன்னறையில் நானும், கைப்பிடியைச் சுற்றிக் கணக்குப் போடும் இயந்திரமும். பெருக்கலுக்கு முன்பக்கமாகச் சுற்ற வேண்டும், வகுத்தலுக்குப் பின்பக்கமாக. ஒரு சுற்று அதிகமாகப் போனால் உள்ளே மணி அடிக்கும். தெருவில் போகிறவர்கள் முதல் வாரம் முழுக்க மாவு மில் திறந்திருக்கிறார்கள் என்றே நினைத்தார்கள். ஓர் அம்மாள் மிளகாய் அரைக்கக் கொண்டுவந்து, நம்பாமல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

எங்களுக்கு அதிகாரி வெங்கடேசலு சார். சித்தூர்ப் பக்கத்துக்காரர், ஒல்லி, வேகநடை. சந்தை சந்தையாகப் போய் விலை விசாரித்துவருபவர் ராமப்பா, பாகலூர்க்காரர், வீட்டில் கன்னடம். ஆக அலுவலகத்தில் ஆட்கள் மூன்று பேர், மொழிகளும் மூன்று. அதையே சார் ஒரு முறையாக்கி வைத்திருந்தார். எந்தக் கூட்டலையும் மூன்று பேரும் தனித்தனியே, அவரவர் தாய்மொழியில், வாய்விட்டுக் கூட்ட வேண்டும். "மனுஷன் எண்ணுறது அம்மா பேசின பாஷையிலதான்மா. அதுல பொய் வராது" என்பார். அவர் தெலுங்கில், ராமப்பா கன்னடத்தில், நான் தமிழில். மூன்றும் ஒத்துப்போனால்தான் மையில் எழுதலாம்.

சாருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. பேனாவை மூடுவார். "ரொம்ப சந்தோஷம்" என்பார். அந்த இரண்டு சொல்லைக் கேட்டால் ராமப்பா தன் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு எங்காவது போய்விடுவார்.

எங்களுக்கு வந்த வேலை விசித்திரமானது. மைசூர் எல்லையை ஒட்டிய இந்தத் தாலுகாவிலிருந்து சரக்கு போய்க்கொண்டே இருக்கிறது, அதனால் ஜனங்களுக்கு உண்மையில் என்ன லாபம் என்று தலைமை அலுவலகம் கேட்டிருந்தது. முதல் நாள் சார் சுவரில் தாலுகா வரைபடத்தை மாட்டிவிட்டுச் சொன்னார்:

"ஓசூரை ஒரு சின்ன நாடுன்னு வெச்சுக்கோ. அந்தப் பக்கம் வெளிநாடு. இங்கேயிருந்து என்ன போவுது, அதுக்குப் பதிலா என்ன வருது, அவ்வளவுதான் கேள்வி."

"நாட்டுக்குத் துறைமுகம் வேணுமே சார்" என்றார் ராமப்பா.

"லாரி நிக்கிற இடமெல்லாம் துறைமுகம்தான். போய் எண்ணு."

ரூபாயை மட்டும் எண்ணினால் போதாது என்பதுதான் சாரின் பிடிவாதம். ரூபாய் கூடுகிறது, ஆனால் துணி விலையும் கூடினால் என்ன பயன்? அதனால் எல்லையைத் தாண்டிப் போன ராகிக்குக் கிடைத்த பணத்தைக் கொண்டு, திரும்பும்போது ஒரு குடியானவக் குடும்பம் வாங்கிவரும் சாமான்கள் எவ்வளவு வாங்கலாம் என்று பார்க்க வேண்டும். காடாத் துணி, மண்ணெண்ணெய், உப்பு, சவுக்காரம், கலப்பைக் கொழு ஆகிய ஐந்தைத் தேர்ந்தெடுத்தோம். ஐந்துக்கும் தனித்தனிப் பங்கு போட்டு ஒரே கணக்காக்குவது என் வேலை. ஆனால் வந்த மொத்தத்தையும் சார் துணிக் கணக்கில்தான் சொல்வார். "ஒரு மூட்டை ராகிக்கு எத்தனை முழம்?" இதையே காலையும் மாலையும் கேட்பார்.

விலை எடுப்பதற்கும் சட்டம் இருந்தது. ஒரு சாமானுக்கு மூன்று கடை. சந்தை கூடும்போது ஒரு தடவை, உச்சிவேளையில் ஒரு தடவை, கலையும்போது ஒரு தடவை. துணியைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். நெசவு மாறியிருந்தால் அது வேறு துணி, பழைய விலையோடு ஒப்பிடக்கூடாது. மண்ணெண்ணெயைக் கடைக்காரன் புட்டியில் வாங்கக்கூடாது, நம் புட்டியில் வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதும் ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் 'பா' அல்லது 'கே' என்று குறிக்க வேண்டும். கண்ணால் பார்த்ததா, காதால் கேட்டதா? 'கே' போட்ட எண் சாரின் மேசையில் ஒரு வாரம் காத்துக் கிடக்கும். அதற்குள் யாராவது போய்ப் பார்த்து அதை 'பா' ஆக்க வேண்டும். ஆகாவிட்டால் குப்பைக்கூடை.

இப்படி மூன்று அறுவடைக் கணக்கு சேர்ந்தது. இரண்டாவது வருடம் மழை பொய்த்தது. பேரிகையில் அரசாங்கம் ஒரு மலிவு விலைத் தானியக் கடை திறந்தது. மூன்றாவது வருடம் விளைச்சல் பரவாயில்லை. லாரியில் ஏறிய மூட்டைகளும் குறையவில்லை, மூட்டை விலை கொஞ்சம் கூடியும் இருந்தது. இரண்டு நாள் கைப்பிடி சுற்றினேன். மழை பொய்ப்பதற்கு முன்பு ஒரு மூட்டைக்குக் கிடைத்ததைவிட இப்போது மூன்று முழம் துணி கூடுதல் என்று வந்தது. மூன்று மொழியிலும் கூட்டிப் பார்த்தோம், ஒத்துப்போயிற்று. "மூணு முழம்!" என்று ராமப்பா தன் துண்டை அளந்து காட்டினார். சார் காராசேவு வாங்கிவரச் சொன்னார். அவர் காசில் தின்பண்டம் வந்தது அந்த ஒரு முறைதான்.

அறிக்கை போன மூன்றாம் வாரம் பாராட்டுக் கடிதம் வந்தது. சாரைச் சென்னைக்குப் பதவி உயர்வில் அழைக்க யோசிப்பதாகவும், ஆறு மாதத்துக்கொரு தடவை நீட்டிக்கப்பட்டுவந்த என் வேலையை நிரந்தரமாக்கப் பரிந்துரைப்பதாகவும் அதில் இருந்தது. கடைசிப் பத்தியில், எல்லையோர ஜனங்களின் வாங்கும் சக்தி தேறிவிட்டபடியால் பேரிகைத் தானியக் கடையைப் பங்குனி முடிவில் மூடிவிடலாம் என்று எங்கள் அறிக்கையை மேற்கோள் காட்டி முடிவு செய்திருப்பதாகவும் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், கடைசிப் பத்தியை நான் சரியாகப் படிக்கவே இல்லை. நிரந்தரம் என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் ராமப்பா டைபாய்டு கண்டு படுத்துவிட்டார். பேரிகைச் சந்தைக்குப் போக ஆள் இல்லை. "நான் போறேன் சார்" என்றேன். அதுவரை நான் கணக்குப் போட்ட பேரிகையைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

மாசிப் பனி விலகாத காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். சந்தையில் ஒரு பக்கம் ராகி மூட்டைகள் வரிசையாக நின்றன. மண்டிக்காரர்களின் தரகர் ஒருவர் குடை ஊன்றியபடி நடந்துகொண்டிருந்தார். நான் என் படிவங்களோடு நிற்கும்போது, நடுவயதுப் பெண் ஒருத்தி அந்தத் தரகரை வழிமறித்துச் சத்தம் போட ஆரம்பித்தாள். பெயர் சென்னம்மா. புருஷன் இல்லை, நாலு ஏக்கர் மானாவாரி நிலத்தைத் தானே பார்த்துக்கொள்பவள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது அவள் குரல் மட்டும்தான்.

"கொட்டக் கொட்ட நெறையவே மாட்டேங்குதே, இது என்னா சாக்கா, கெணறா?"

"சாக்கு மில்லுல இருந்து வர்றதும்மா. நானா தெக்கிறேன்?" என்று தரகர் நகர்ந்துவிட்டார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ யாரு கண்ணு? கையில காயிதம் வெச்சிருக்கறே?"

"வெலை எழுத வந்திருக்கேன் அக்கா. மூட்டை என்ன வெலைக்குப் போச்சு?"

"மூட்டை வெலை கூடத்தான் போச்சு. மூட்டையும் பெருத்துப் போச்சே, அத எங்க எழுதுவே?"

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். தை பிறந்ததிலிருந்து மண்டிக்காரர்கள் கொடுக்கும் காலிச் சாக்கு பழைய சாக்கைவிடப் பெரியது. ஊரில் யாரும் படிக்கணக்கில் விற்பதில்லை, மூட்டைக்கணக்குதான். "வருசா வருசம் மூணு மூட்டை விப்பேன், மிச்சத்துல ஆவணி வரைக்கும் களி கிண்டுவேன். இந்த வருசமும் மூணுதான் வித்தேன். ஆனா ராகி கொட்டி வெச்ச குதிருக்குள்ள கைய வுட்டா இப்பவே அடி தட்டுது. பங்குனியில கடையும் மூடறாங்களாம். எவனோ எங்களுக்கு வசதி வந்துருச்சுன்னு எழுதிக் குடுத்துட்டானாம்."

எழுதிக் கொடுத்த அந்த 'எவனோ' அவள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஓசூருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. மூட்டையை நாங்கள் எண்ணினோம், அளக்கவில்லை. மண்ணெண்ணெய்க்குச் சொந்தப் புட்டி கொண்டுபோன நாங்கள், ராகிச் சாக்கை அடுத்தவர் சொன்னபடி ஏற்றுக்கொண்டிருந்தோம். சந்தையில் ஒரு பெண் கத்தியது 'கே' கூட இல்லை, வெறும் பேச்சு, அதை எழுத வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை என்று ஒரு மனம் சொன்னது. சொல்லாமல் இருந்தால் சார் சென்னைக்குப் போவார், நான் நிரந்தரமாவேன். அந்த யோசனை சூளகிரி தாண்டும்வரை என்னோடு உட்கார்ந்திருந்தது என்பதை இத்தனை வருடம் கழித்து ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. அதை எது இறக்கிவிட்டது என்றும் தெரியவில்லை. குதிருக்குள் கையை விட்டால் அடி தட்டும் சத்தம் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். அவ்வளவுதான்.

சார் முழுவதும் கேட்டார். பேனாவை மூடினார்.

"ரொம்ப சந்தோஷம்" என்றார். "நீ பாத்தியா, கேட்டியா?"

"கேட்டதுதான் சார்."

"அப்போ அடுத்த சந்தைக்கு ரெண்டு பேரும் போறோம். கச்சேரியில சர்க்கார் முத்திரை குத்தின படி ஒண்ணு வாங்கி வை."

அடுத்த சந்தைநாள் சார் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். விற்ற மூட்டையை அவிழ்க்கத் தரகர் சம்மதிக்கவில்லை. அது மண்டிக்காரர்களின் சொத்து என்றார், நியாயம்தான். விற்காத மூட்டை வேண்டும். கொட்டி அளந்தால் தூசி போகும், சிந்தும், நேரம் போகும், யார் தருவார்கள்? சார் நடுச்சந்தையில் நின்று தெலுங்கில் கேட்டார், கன்னடத்தில் கேட்டார், தமிழில் கேட்டார். அந்த மூட்டைகளை விலைக்குக் கொண்டுவந்திருந்த ஒருவரும் அசையவில்லை. சென்னம்மா பக்கத்து நிலத்துக்காரர் ஒருவரை உலுக்கி, "உன் மூட்டையை அவுருய்யா. நான் பொறுப்பு" என்றாள். ஒன்று அவிழ்ந்ததும் மற்றவை தானாக வந்தன. ஒன்று போதாது, பத்து வேண்டும் என்றார் சார்.

அடுத்த சிக்கல், பழைய சாக்கு. ஒப்பிட ஒன்றாவது வேண்டுமே. தேடிக்கொண்டிருக்கும்போது ஆடு விற்க வந்த ஒருவர், பனிக்காகச் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் செருகித் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு எதிரே வந்தார். சாக்கு போன வருடத்தது, கிழியவில்லை. சார் அவரிடம் மரியாதையாக, "அண்ணா, உங்க தொப்பியைக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்டார். ஆட்டுக்காரர் பயந்துபோய், "நான் ஒண்ணும் பண்ணலீங்க சாமி" என்றார். அவர் பயம் தெளிந்து சாக்கு கைக்கு வர ஒரு டீ செலவாயிற்று.

அளக்கத் தொடங்கினோம். சென்னம்மா படியை நிரப்பிக் கையால் தலைவழித்து, சாக்கில் கொட்டி, "லாபம்" என்றாள். களத்தில் முதல் படியை ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்றுதான் சொல்வார்கள்.

"நிறுத்து, நிறுத்து. ஒண்ணுன்னு எண்ணு. இது சர்க்கார் கணக்கு" என்றார் சார்.

"சர்க்காருக்கு லாபம் வேணாங்களா?"

"லாபமா நஷ்டமான்னு பாக்கத்தானேம்மா அளக்கறோம்!"

"அப்போ மொதல்லியே ஒண்ணுன்னு சொல்லி ஊரு வெளைச்சலைக் கெடுக்கச் சொல்றீங்களா?"

கூட்டம் அவள் பக்கம். சார் இரண்டு நிமிடம் என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். கடைசியில் படிவத்தின் அடியில் 'லாபம் என்பது ஒன்று' என்று குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டார். "சரி, லாபம்" என்றார். அப்புறம்தான் படி ஓடியது.

மூன்றாவது மூட்டையிலிருந்து சந்தையே சேர்ந்து எண்ண ஆரம்பித்தது. ஒரு பக்கம் தெலுங்கு, ஒரு பக்கம் கன்னடம், எங்கள் பக்கம் தமிழ். ஒவ்வொரு மூட்டை முடியும்போதும் மூன்றும் ஒரே இடத்தில் வந்து நின்றன. உச்சிவெயில் தாண்டி, பத்தாவது மூட்டை முடிந்தது. பத்திலும் ஏறக்குறைய ஒரே வித்தியாசம். கொங்காணிச் சாக்கைவிடப் புதுச் சாக்கு எட்டுப் படி அதிகம் பிடித்தது. தரகரும் கடைசியில் வந்து எட்டிப் பார்த்தார். "அடேயப்பா" என்று அவர் சொன்னது நிஜமான ஆச்சரியமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை அலுவலகத்தில் கைப்பிடியைச் சுற்றினேன். பழைய விலைப்படி அந்த எட்டுப் படிக்கு ஏழு முழம் துணி கிடைத்திருக்க வேண்டும். கூடுதலாகக் கிடைத்தது மூன்றுதான். நாங்கள் லாபம் என்று எழுதியது மூட்டைக்கு நாலு முழம் நஷ்டம். போதாததற்கு, வீட்டில் சாப்பாட்டுக்கு இருந்த ராகியும் லாரி ஏறியிருந்தது.

சார் தாளை வாங்கித் தெலுங்கில் ஒரு தடவை கூட்டினார். ஜன்னல் பக்கம் போய் நின்றார். தன் மூன்று பெண்களையும் சென்னையில் படிக்க வைக்க வேண்டிய அவசியம் அவருக்கு இருந்தது, எனக்குத் தெரியும்.

"அந்த அறிக்கையில கையெழுத்து யாருது?"

"உங்களுது சார். ஆனா கணக்கு நான்தானே..."

"கணக்கு சரியாத்தான் போட்டிருக்கே. கொடுத்த எண்தான் தப்பு. கையெழுத்து என்னுதுன்னா தப்பும் என்னுது. டைப் மெஷின்ல தாளை மாட்டு."

நடந்துகொண்டே சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். சுற்றிவளைப்பு ஏதுமில்லை. 'எனது அறிக்கையின் முடிவு தவறானது. மூட்டையின் அளவு மாறியதை நான் சரிபார்க்கவில்லை. பேரிகைக் கடையை மூடுவதற்கு எனது அறிக்கையைக் காரணமாகக் கொள்ள வேண்டாம்.' ராமப்பா பாதி குணமாகிப் போர்வையோடு வந்து, "என் தப்பு சார், என் பேரையும் போடுங்க" என்று அழாத குறையாக நின்றார். "நீ எண்ணச் சொன்னதை எண்ணினே. போய்க் கஞ்சி குடி" என்று அனுப்பிவிட்டார்.

அந்தக் கடிதத்துக்கு வந்த பதிலில் பாராட்டு இல்லை. ஆனால் தானியக் கடையை அடுத்த அறுவடைவரை மூட வேண்டாம் என்ற உத்தரவு தனியாக வந்தது. சென்னைப் பதவி வேறொருவருக்குப் போனது. சாரைத் தெற்கே, கடலோரத்தில் ஓர் ஊருக்கு மாற்றினார்கள். என் வேலை மேலும் ஆறு மாதம் தற்காலிகமாக நீட்டிக்கப்பட்டது. என்னோடு சேர்ந்தவர்களுக்கு இரண்டு வருடம் பின்னால்தான் நிரந்தரமானேன். பஸ் ஏற்றிவிடப் போனபோது நான் மன்னிப்புக் கேட்பதுபோல ஏதோ முனகினேன். சார் பெட்டியை மேலே ஏற்றச் சொல்லிக்கொண்டே, "அந்த ஊர்ல நெஜமாவே துறைமுகம் இருக்குதாம்மா. கப்பல் மூட்டை எவ்வளவு பெருசுன்னு பாக்கணும்" என்றார். பஸ் கிளம்பிவிட்டது.

கடை மூடாது என்று சொல்ல நானே பேரிகைக்குப் போனேன். அப்போது எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. சென்னம்மா கேட்டாள், தலையாட்டினாள்.

"நல்லது கண்ணு. சாக்கை எப்போ சின்னதாக்குவீங்க?"

"அது எங்க வேலை இல்லக்கா. நாங்க அளந்து எழுதத்தான் முடியும்."

"அப்போ யாரு வேலை?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். மேலே இரண்டு இடத்துக்கு எழுதியும் பார்த்தேன், சாக்கு யார் பொறுப்பு என்பதே எந்தக் காகிதத்திலும் இல்லை.

அடுத்த தை மாதம் ராமப்பா சந்தையிலிருந்து ஓடிவந்தார். "ஸ்டெல்லாம்மா, நீங்களே வந்து பாருங்க, நான் சொன்னா நம்பமாட்டீங்க." போனேன். மூட்டைகள் வழக்கம்போல வரிசையாக நின்றன. ஒவ்வொரு சாக்கிலும் வாய்க்குக் கீழே துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஒரு கோடு இழுத்திருந்தார்கள். அந்தக் கோடுவரைதான் ராகி. அதற்கு மேல் சாக்கைச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். கோடு எங்கே விழ வேண்டும் என்பதற்கு நாங்கள் அளந்த அன்று சந்தையே சாட்சியாக நின்று எண்ணியிருந்தது அல்லவா? அதுதான் அளவு. எட்டுப் படி கழித்து.

"யாரு போட்டது?" என்றேன்.

"எல்லாருந்தான்" என்றாள் சென்னம்மா. விரல் நுனியெல்லாம் நீலமாக இருந்தது. "கோடு போடாத மூட்டையை இந்தச் சந்தையில எறக்க வுடறதில்லன்னு பேசி வெச்சிருக்கறோம்."

முதல் இரண்டு சந்தைக்கு லாரி வரவில்லை. மூட்டைகளைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போனார்கள். வீட்டில் உப்புக்குக் காசில்லாமல் சிலர் முணுமுணுத்ததும் உண்டு, ஒருவர் கோட்டைக் கழுவிவிட்டு மாலூருக்கு வண்டி கட்டியதும் உண்டு. மூன்றாவது சந்தைக்கு லாரி வந்தது. பெங்களூர்க்காரர்களும் களி தின்றாக வேண்டுமே. தரகர் கோட்டைத் தடவிப் பார்த்து, "மூட்டை சின்னது, வெலையும் சின்னதுதான்" என்றார். பேரம் நடந்து, விலை கொஞ்சம் இறங்கித்தான் படிந்தது. எட்டுப் படி குறைந்த அளவுக்கு இறங்கவில்லை.

நானும் ராமப்பாவும் மறுபடி பத்து மூட்டையை அளந்தோம், பட்டியல் அனுப்பினோம். ஒரு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து குறிப்பாணை வந்தது. பேரிகையில் மூட்டை விலை சரிந்திருக்கிறது, எல்லை வாணிபம் நலிந்துவிட்டதா, காரணம் தெரிவிக்கவும்.

சாரின் இடத்துக்கு வந்திருந்த புது அதிகாரி நல்ல மனிதர், பயந்த சுபாவம். தாளைப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "என்னம்மா இது, சரிஞ்சு போச்சுன்னு கேக்கறாங்களே? மழை கம்மின்னு எழுதிடலாமா?"

"மழை நல்லாத்தானே சார் பெஞ்சது."

நானே பதிலைத் தட்டச்சு செய்து அவர்முன் வைத்தேன். 'மூட்டை விலை குறைந்தது உண்மை. மூட்டையும் குறைந்தது. ஒரு படி ராகிக்குக் கிடைக்கும் துணி கூடியிருக்கிறது. வீட்டில் மிஞ்சும் ராகியும் கூடியிருக்கிறது. பேரிகை நன்றாக இருக்கிறது.'

அவர் கடைசி வரியில் விரலை வைத்தார். "இப்படியெல்லாம் சர்க்கார் கடிதத்துல எழுதலாமா?"

"எழுதக்கூடாதுன்னு எங்கயும் போடலியே சார்."

இன்னொரு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து அதற்குப் பதில் வரவே இல்லை. எங்கள் உத்தியோகத்தில், பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டார்கள் என்று அர்த்தம்.